ரோபோ குழுவில் ஏன் ஒரு கறுப்பினக் குழந்தைகூட இல்லை?

டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கும் நண்பர் ஒருவர் கேட்ட கேள்விக்கு இது பதில். அவருடைய மகள் நடுநிலைப் பள்ளியின் ரோபோ குழுவில் சேர்ந்திருக்கிறாள். பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர். ஆனால் பதினான்கு பேர் கொண்ட அந்தக் குழுவில் ஒரு கறுப்பினக் குழந்தைகூட இல்லை. "அந்தக் குழந்தைகளுக்கு ஆர்வம் இல்லையா, அல்லது நம் வீடுகளைப் போல அவர்கள் வீட்டில் படி படி என்று விரட்டுவதில்லையா?" என்று அவர் கேட்டிருந்தார். அமெரிக்கப் பள்ளிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்தவள் என்ற முறையில், இந்தக் கேள்வியை நம்மவர்களின் வீட்டு விருந்துகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். நண்பர் அதை உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் விருப்பத்தோடு கேட்டிருப்பதால் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

ஆர்வம் என்ற விளக்கத்தை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் இளநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கும் மாணவர்களைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, கறுப்பின மாணவர்களும் வெள்ளையின மாணவர்களும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் அறிவியல், பொறியியல் பாடங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று காட்டியது. வேறுபாடு அதற்குப் பிறகுதான் வந்தது. அப்படிச் சேர்ந்த வெள்ளையினத்தவரில் 29 விழுக்காட்டினர் பாடத்தை மாற்றிக்கொண்டார்கள். கறுப்பினத்தவரில் மாற்றிக்கொண்டவர்கள் 40 விழுக்காட்டினர். பட்டமே பெறாமல் கல்லூரியை விட்டு விலகியவர்களும் கறுப்பினத்தவரிடையே இரு மடங்கு. விருப்பம் இல்லாதவர்கள் அந்த வாசல்வரை வந்திருக்க மாட்டார்கள். நாட்டின் வேலைகளில் கறுப்பினத்தவரின் பங்கு 11 விழுக்காடாக இருக்கையில், பொறியாளர், கட்டடக் கலைஞர் வேலைகளில் அது ஏறத்தாழ 5 விழுக்காடாகச் சுருங்கிவிடுவதற்கான காரணங்களைக் குழந்தையின் மனத்துக்குள் தேடுவதைவிட, அந்தக் குழந்தை ஏற வேண்டிய படிக்கட்டில் தேடுவதே முறை.

அந்தப் படிக்கட்டு கணிதம். அமெரிக்கப் பள்ளி முறையை அறியாதவர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். நம் ஊரில் ஒரே பாடப்புத்தகம், ஒரே பொதுத்தேர்வு என்று இருப்பதுபோல் இங்கு இல்லை. ஆறாம் வகுப்பிலேயே சில மாணவர்கள் மேம்பட்ட கணித வகுப்புக்கும் மற்றவர்கள் சாதாரண வகுப்புக்கும் பிரிக்கப்படுகிறார்கள். மேம்பட்ட வகுப்புக்குப் போனவர்கள் எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் படிப்பார்கள். பிறகு வடிவியல், இரண்டாம் நிலை இயற்கணிதம், நுண்கணிதத்துக்கு முந்தைய பாடம் என்று ஆண்டுக்கு ஒரு படி ஏறி, பன்னிரண்டாம் வகுப்பில் நுண்கணிதத்தை அடைவார்கள். ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதத்தைத் தொடங்கும் மாணவர் ஒரு படி பின்தங்கியே வருவார். கோடையில் தனியாகப் படித்தாலோ ஓர் ஆண்டில் இரண்டு பாடம் எடுத்தாலோ ஒழிய, பள்ளியை விட்டு வெளியேறும்போது அவர் நுண்கணிதத்தைத் தொட்டிருக்க மாட்டார். நல்ல பொறியியல் கல்லூரிகளோ, விண்ணப்பிக்கும் மாணவர் நுண்கணிதம் படித்திருப்பார் என்றே எதிர்பார்க்கின்றன. ஆக, பதினெட்டு வயதில் நடப்பதாக நாம் நினைக்கும் தேர்வின் பெரும்பகுதி பதினொரு வயதிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

சில பள்ளிகளில் ஏறுவதற்கு அந்தக் கடைசிப் படியே கிடையாது. 2020-21 கல்வியாண்டுக்கான அரசுத் தரவுகளின்படி, கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவர்கள் மிகுதியாக உள்ள உயர்நிலைப் பள்ளிகளில் 35 விழுக்காடு மட்டுமே நுண்கணிதப் பாடத்தை வழங்கின. அம்மாணவர்கள் குறைவாக உள்ள பள்ளிகளில் 54 விழுக்காடு வழங்கின. இதன் வேர் வீட்டு மனையில் இருக்கிறது. பள்ளிகளுக்கான பணத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி உள்ளூரிலிருந்து, பெரும்பாலும் வீடுகள் மீதான சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை உயர்ந்த ஊரில் பள்ளிக்குப் பணம் கூடும். எந்தப் பகுதியில் வீட்டு விலை உயரும் என்பதைச் சந்தை மட்டும் தீர்மானிக்கவில்லை. 1930களில் கூட்டாட்சி அரசின் வீட்டுக் கடன் நிறுவனம் நகரங்களின் வரைபடங்களைப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நான்கு நிறங்களில் தீட்டியது. கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்கள் ஏறக்குறைய எல்லா நகரங்களிலும், கடன் தருவது ஆபத்து என்று பொருள்படும் சிவப்பாயின. 1934-இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமும் அத்தகைய பகுதிகளில் கடன்களுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. வெள்ளையினக் குடும்பங்கள் அரசு உத்தரவாதத்தோடு புறநகர்களில் வீடு வாங்கிச் சொத்துச் சேர்த்த முப்பது ஆண்டுகளில் கறுப்பினக் குடும்பங்களுக்கு அந்த வழி மூடியிருந்தது. வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்த 1968-க்குள் வரைபடம் ஊராகவே மாறியிருந்தது.

பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்ததை எல்லோரும் அறிவார்கள். அதன் வலுவைக் குறைத்த இரண்டு தீர்ப்புகளைப் பற்றி நம்மவர்களிடம் பேசுவோர் குறைவு. 1973-இல், சான் அன்டோனியோ நகரின் ஏழைப் பள்ளி மாவட்டமொன்றைச் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி நிர்வாக அமைப்பு) சேர்ந்த மெக்சிக்க வம்சாவளிப் பெற்றோர் தொடுத்த வழக்கில், பள்ளிகளுக்குச் சமமான நிதி கிடைப்பதை அரசியல் சட்டம் உறுதி செய்யவில்லை என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் கூறியது. அடுத்த ஆண்டே டெட்ராய்ட் வழக்கில், நகரப் பள்ளிகளின் பிரிவினையைச் சரிசெய்யப் புறநகர் மாவட்டங்களையும் சேர்க்கும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பு வந்தது. மாவட்ட எல்லைக் கோட்டைத் தாண்டிக் குடியேறிய குடும்பத்தின் வரியும் குழந்தையும் கோட்டுக்கு அப்பாலேயே தங்கிவிட அந்தத் தீர்ப்பு வழிசெய்தது. ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் குழந்தைகளைப் படிக்கவைக்கும் வெள்ளையினப் பெரும்பான்மை மாவட்டங்களையும் மற்ற மாவட்டங்களையும் ஒப்பிட்ட 2019-ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று, இரண்டாவது வகை மாவட்டங்களுக்கு ஆண்டுக்கு 2,300 கோடி டாலர் குறைவாகக் கிடைக்கிறது என்று கணக்கிட்டது. இயற்பியல் ஆசிரியர் பணியிடம் நிரம்பாமல் கிடப்பதும், ஆய்வகத்தில் எரிவாயுக் குழாய் துண்டிக்கப்பட்டுக் கிடப்பதும் அந்தத் தொகைக்குள் அடக்கம்.

ஆனால் நண்பரின் மகள் படிப்பது வசதியான பள்ளி. நுண்கணிதம் அங்கே உண்டு, கறுப்பின மாணவர்களும் உண்டு. அப்படியிருந்தும் அவர்கள் ஒரு மாடியிலும் மேம்பட்ட வகுப்புகள் இன்னொரு மாடியிலும் இருப்பதுபோல் ஆகிவிடுகிறது. நான் நேரில் பார்த்தது இதைத்தான். ஆகவே இங்கே சற்று நின்று சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என் ஆறாம் வகுப்பில் ஒரு கறுப்பினப் பையன் இருந்தான். சாதாரணக் கணிதப் பிரிவு. பின்னங்களைப் பற்றிய பயிற்சித்தாளைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, குறிப்பேட்டின் பின்னட்டையில் ஏதோ வரைந்துகொண்டிருப்பான். ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். ஒரு புள்ளி, அதன் பக்கத்திலும் மேலுமாக மூன்று புள்ளிகள், அதைச் சுற்றி ஐந்து, பிறகு ஏழு. ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் ஒரு சதுரம் கிடைக்கிறது என்பதை அவன் தானாகவே கண்டுபிடித்திருந்தான். "எத்தனை தூரம் போனாலும் இது மாறாதா, டீச்சர்?" என்று கேட்டான். நிறுவல் என்ற சொல்லைக் கேள்விப்படாத சிறுவன் நிறுவலைக் கேட்டான்.

அவன் ஏன் மேம்பட்ட பிரிவில் இல்லை என்று கோப்பை எடுத்துப் பார்த்தேன். மாநிலத் தேர்வில் அவன் மதிப்பெண் போதுமானது. ஐந்தாம் வகுப்பு ஆசிரியரின் பரிந்துரைப் படிவத்தில், வீட்டுப்பாட ஒழுங்கு, வகுப்பில் அமைதி என்ற இரண்டு கட்டங்களில் தாழ்ந்த மதிப்பீடு இருந்தது. அந்த முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரும் கடிதம் வீட்டுக்குப் போயிருக்கிறது. பத்து நாளுக்குள் பெற்றோர் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். மருத்துவமனையில் இரவுப்பணி பார்த்த அவன் தாயின் கைக்கு அந்தக் கடிதம் போய்ச் சேரவே இல்லை. அதே வாரத்தில், தங்கள் குழந்தைக்கு மறுதேர்வு வைக்கும்படி எனக்கு நான்கு மின்னஞ்சல்கள் வந்திருந்தன. மூன்று நம் நாட்டுப் பெயர்கள். நால்வருக்கும் மறுதேர்வு நடந்தது. அவனுக்கு வாய்ப்புக் கிடைக்க அடுத்த கல்வியாண்டு வரை ஆயிற்று. அத்தகைய பரிந்துரைப் படிவங்களில் நானும் ஆண்டுதோறும் கையெழுத்திட்டிருக்கிறேன் என்பதைச் சொல்லாமல் இதைச் சொல்வது நேர்மையாகாது. கெட்ட எண்ணத்தோடு எவரும் அந்தக் கட்டங்களை நிரப்புவதில்லை. துறுதுறுப்பான ஒரு குழந்தையை அறிவாளி என்றும் அதே துறுதுறுப்புள்ள இன்னொரு குழந்தையை அடங்காதவன் என்றும் எழுதும் கை, தான் அப்படி எழுதுவதை அறிவதே இல்லை.

இது என் ஒருத்தியின் அனுபவம் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக ஃபுளோரிடாவின் பிரோவர்ட் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவின் மிகப் பெரிய பள்ளி மாவட்டங்களில் அது ஒன்று. அங்கே திறன்மிகு மாணவர் திட்டத்துக்கான சோதனைக்கு, ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்த குழந்தைகளை மட்டும் அனுப்புவது வழக்கமாக இருந்தது. வசதியுள்ள பெற்றோர் பணம் கட்டித் தனியார் உளவியலாளரிடமும் சோதித்துக்கொண்டார்கள். 2005-இல் மாவட்டம் முறையை மாற்றி, இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் எல்லோருக்கும் சொற்களைச் சாராத ஒரு குறுஞ்சோதனை வைத்தது. திட்டத்துக்குத் தகுதிபெற்ற கறுப்பினக் குழந்தைகளின் விகிதம் 1 விழுக்காட்டிலிருந்து 3 ஆகவும், லத்தீன் குழந்தைகளின் விகிதம் 2-லிருந்து 6 ஆகவும் உயர்ந்தது. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். குழந்தைகள் அப்படியேதான் இருந்தார்கள்; யாரைச் சோதிப்பது என்ற விதி மட்டும் மாறியது. பிறகு நிதி நெருக்கடியில் 2010 வாக்கில் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. இடைவெளி பழையபடி திரும்பி வந்தது. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என்னை மிகவும் வருத்திய செய்தி இந்தக் கடைசிப் பகுதிதான். பயன் கண்கூடாகத் தெரிந்த பின்னும் செலவைக் குறைப்பதற்காக அது கைவிடப்பட்டது.

ஆசிரியர் யார் என்பதும் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. பிரிவினைக் காலத்துக் கறுப்பினப் பள்ளிகளில் கட்டடம் பழையது, புத்தகம் கிழிந்தது. ஆனால் ஆசிரியர்கள் தேர்ந்தவர்கள், ஏனென்றால் படித்த கறுப்பினத்தவருக்கு வேறு வேலைகள் மறுக்கப்பட்டிருந்தன. நாசாவின் கணிதவியலாளர் கேத்தரின் ஜான்சன் வளர்ந்த மேற்கு வர்ஜீனியாவின் கிரீன்பிரையர் பகுதியில் கறுப்பினக் குழந்தைகளுக்கு எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிட்டது. அவருடைய தந்தை குடும்பத்தை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்ஸ்டிட்யூட் என்ற ஊரில் குடிவைத்துப் படிக்கவைத்தார். அங்கே கல்லூரியில், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற மூன்றாவது கறுப்பின அமெரிக்கரான கிளேட்டர், "நீ நல்ல ஆராய்ச்சியாளர் ஆவாய்" என்று அவரிடம் சொன்னதோடு நிற்காமல், அவர் ஒருவருக்காகவே வெளிப் பகுமுறை வடிவியல் பாடத்தைப் புதிதாக வகுத்து நடத்தினார். அந்த வடிவியல்தான் 1962-இல் விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றிய பாதையின் கணக்கைச் சரிபார்க்கும் நிலைக்கு அவரைக் கொண்டுசென்றது.

1954-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு தென் மாநிலங்கள் பள்ளிகளை இணைத்தபோது கறுப்பினப் பள்ளிகளை மூடின; வெள்ளையினப் பெற்றோரின் குழந்தைகளுக்குக் கறுப்பின ஆசிரியர் பாடம் நடத்துவதை விரும்பாத நிர்வாகங்கள் அவர்களைப் பணிநீக்கம் செய்தன. 1954 முதல் 1965 வரை 17 மாநிலங்களில் 38,000-க்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் வேலை இழந்தார்கள். நல்ல நோக்கத்தோடு வந்த தீர்ப்பு கிளேட்டர்களை வகுப்பறையிலிருந்து வெளியேற்றியது. இன்று அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் 15 விழுக்காடு. ஆசிரியர்களில் 6 விழுக்காடு. டென்னசி மாநிலத்தில் 1980களில் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்கு ஒதுக்கப்பட்ட குழந்தைகளைப் பல்லாண்டு கழித்துப் பின்தொடர்ந்தபோது, மூன்றாம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினக் குழந்தைகள் கல்லூரியில் சேரும் வாய்ப்பு 13 விழுக்காடு கூடுதலாக இருந்தது தெரியவந்தது.

ஆர்வமே குற்றமாகக் கருதப்பட்ட நிகழ்வுகளும் உண்டு. 2013-இல் ஃபுளோரிடாவின் பார்ட்டோ ஊரில், நற்பெயர் பெற்றிருந்த பதினாறு வயதுக் கறுப்பின மாணவி ஒருத்தி, கழிவறை சுத்தம் செய்யும் திரவத்தையும் அலுமினியத் தாளையும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கலந்து பார்த்தாள். மூடி பட்டென்று தெறித்தது, சிறிது புகை, எவருக்கும் காயமில்லை. அவள் கைது செய்யப்பட்டாள், பள்ளியிலிருந்து நீக்கப்பட்டாள், கடுங்குற்ற வழக்கும் பாய்ந்தது. நாடெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு வழக்கு கைவிடப்பட்டது. நாசாவின் முன்னாள் பொறியாளர் ஹோமர் ஹிக்கம் அவளை விண்வெளிப் பயிற்சி முகாமுக்கு அனுப்ப முன்வந்தார். இளவயதில் ராக்கெட் செய்து வெடிக்கவிட்ட பழைய அனுபவம் அவருக்கே உண்டு. அத்தனை கவனம் கிட்டாத குழந்தைகள் ஏராளம். இடைநீக்கத்தில் கழியும் ஒவ்வொரு வாரமும் கணிதத்தில் ஒரு பாடம் விடுபட்டுப்போகும் வாரம்.

இனிப் பெற்றோர் விரட்டுவதில்லையா என்ற பகுதி. இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த விடை, 1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த யூரி டிரைஸ்மன் கண்டறிந்தது. நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று அவர் பேராசிரியர்களைக் கேட்டபோது ஊக்கமின்மை, பலவீனமான அடித்தளம், குடும்ப ஆதரவின்மை, வறுமை என்று பதில்கள் வந்தன. அவர் கறுப்பின மாணவர்கள் இருபது பேரோடும் சீன வம்சாவளி மாணவர்கள் இருபது பேரோடும் மாதக்கணக்கில் கூடவே இருந்து கவனித்தார். நான்கு விளக்கங்களும் பொய்த்தன. கறுப்பின மாணவர்களின் பெற்றோர், பிள்ளையைப் பெர்க்லிக்கு அனுப்பவே தங்கள் வாழ்வைச் செலவிட்டவர்கள். பிள்ளைகளும் வாரத்துக்கு எட்டு மணிநேரம், சொல்லப்பட்டபடி படித்தார்கள்; ஆனால் தனியாக. பள்ளியில் வெட்டிப் பேச்சுகளிலிருந்து விலகித் தனித்திருந்ததால்தான் அவர்கள் அதுவரை வந்திருந்தார்கள். கல்லூரியில் அதே பழக்கம் அவர்களைக் கவிழ்த்தது. சீன மாணவர்கள் தனியே படித்த பின் மாலையில் கூடி, சேர்ந்து சாப்பிட்டு, ஒருவர் கணக்கை மற்றவர் திருத்தி, பழைய வினாத்தாள்களைப் பகிர்ந்தார்கள். டிரைஸ்மன், பின்தங்கியோருக்கான வகுப்பு என்ற பெயரே இல்லாமல், கடினமான கணக்குகளைக் கூடிச் செய்யும் பட்டறைகளைத் தொடங்கினார்; அவற்றில் சேர்ந்த கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி வகுப்பின் பொதுத் தேர்ச்சியையே மிஞ்சியது.

இதே பாடத்தை மேரிலாந்தின் பால்டிமோர் கவுண்டிப் பல்கலைக்கழகத்தில் ஃப்ரீமன் ராபோவ்ஸ்கி 1988-இல் நிறுவிய, அறிவியல் மாணவர்களுக்கான மேயர்ஹாஃப் உதவித்தொகைத் திட்டம் பெரிய அளவில் செய்துகாட்டியது. அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் 1963-இல் இனப் பிரிவினைக்கு எதிராக நடந்த குழந்தைகள் பேரணியில் கலந்துகொண்டு பன்னிரண்டு வயதில் சிறை சென்றவர் ராபோவ்ஸ்கி. கொரோனா தடுப்பூசி ஆய்வில் முக்கியப் பங்காற்றிய கிஸ்மேகியா கார்பெட் அந்தத் திட்டத்தில் படித்தவர். கறுப்பினத்தவருக்காக வரலாற்றில் உருவான கல்லூரிகளும் இவ்வாறே. நாட்டின் கல்லூரிகளில் நூற்றுக்கு மூன்றாக இருந்தும், அறிவியல், பொறியியலில் முனைவராகும் கறுப்பினத்தவரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அங்கே இளநிலை முடித்தவர். அவற்றில் அரசு நிலமானியக் கல்லூரிகளாக (கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் மானியம் பெறும் கல்லூரிகள்) உள்ளவற்றுக்கு 16 மாநிலங்கள் முப்பது ஆண்டுகளில் தர வேண்டிய 1,200 கோடி டாலருக்கு மேல் தராமல் விட்டதாகக் கூட்டாட்சி அரசே 2023-இல் ஆளுநர்களுக்கு எழுதியது.

பாப் மோசஸை விட்டுவிட்டு இந்தப் பதிலை எழுத முடியாது. 1960களின் தொடக்கத்தில் மிசிசிப்பியில் கறுப்பினத்தவரை வாக்காளர்களாகப் பதியவைக்க உயிரைப் பணயம் வைத்தவர். எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரில் அவர்களைத் திருப்பி அனுப்பியதைக் கண்ணால் கண்டவர். 1982-இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் தன் மகளின் பள்ளியில் இயற்கணிதம் இல்லை என்று அறிந்து, தானே போய் நடத்தத் தொடங்கினார். அன்று எழுத்தறிவு எதற்குப் பயன்பட்டதோ, இன்று இயற்கணிதம் அதற்குப் பயன்படுகிறது என்பது அவர் கண்ட உண்மை. அவர் குழந்தைகளைச் சுரங்க ரயிலில் அழைத்துப்போவார். திரும்பி வந்து பயணத்தை வரைய வேண்டும், தங்கள் வீட்டுப் பேச்சிலேயே எழுத வேண்டும். ஏறிய நிலையத்திலிருந்து எத்தனை நிறுத்தம், எந்தத் திசையில் என்று பேசிப் பேசி, ஒரு நிலையத்தைப் பூச்சியமாகக் கொண்டு, நகரின் மையத்தை நோக்கினால் கூட்டல் குறி, எதிர்த்திசையானால் கழித்தல் குறி என்று அவர்களே வந்து சேர்வார்கள். குறை எண் என்பது வானத்திலிருந்து விழுந்த விதியாக இல்லாமல், தாங்கள் இறங்கிய நிறுத்தமாகிவிடும். 2021-இல் மறையும்வரை, இயற்கணிதத் திட்டம் என்று பெயர்பெற்ற அந்த முயற்சியை அவர் விடவில்லை.

நம் வீடுகளோடு ஒப்பிட்டுக் கேட்டதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் வந்த பிறகே நம்மவர்கள் பெருமளவில் இங்கு வர முடிந்தது. கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டம் உருவாக்கிய சூழல் இல்லாமல் அந்தச் சட்டம் நிறைவேறியிருக்காது. வந்தவர்களும் பொறியாளர்கள், மருத்துவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். நம் பிள்ளைக்கு வீட்டிலேயே ஒரு பொறியாளர் உணவு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். எந்தப் படிவத்தை எப்போது கேட்க வேண்டும் என்று பத்து வீட்டார் சொல்லித் தருகிறார்கள். கேட்டவர்களுக்குக் கிடைக்கும் ஏற்பாட்டில் நாம் கேட்கத் தெரிந்தவர்கள். அதை உழைப்பு என்று மட்டும் பெயரிட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக் குழந்தையை அளப்பது நியாயமன்று.

நண்பரே, உங்கள் டெக்சஸ் மாநிலத்தில் 2023-இல் ஒரு நல்ல சட்டம் வந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் முதல் 40 விழுக்காட்டுக்குள் வரும் குழந்தையை, எவரும் பரிந்துரைக்காமலேயே, ஆறாம் வகுப்பு மேம்பட்ட கணிதத்தில் சேர்க்க வேண்டும்; வேண்டாமென்றால் மட்டுமே பெற்றோர் எழுதித்தர வேண்டும். டாலஸ் மாவட்டம் அதற்கு முன்பே இந்த வழியில் சென்று, மேம்பட்ட வகுப்புகளில் கறுப்பின மாணவர்களின் எண்ணிக்கையைப் பெருக்கியது. உங்கள் பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போனால் இந்தச் சட்டம் அங்கே எப்படி நடைமுறையாகிறது, இனவாரியாக எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் விலக்கப்பட்டார்கள் என்று கேளுங்கள். ரோபோ குழுவைப் பற்றி இன்னும் எளிய கேள்விகள் உண்டு. சேர்வதற்கு யார் அழைக்கப்பட்டார்கள்; கட்டணம் எவ்வளவு; பயிற்சி முடியும் மாலை ஐந்தரை மணிக்கு, காரில் வந்து அழைத்துப்போக ஆளில்லாத குழந்தைக்குப் பள்ளிப் பேருந்து இருக்கிறதா?